தாம்பாளத்தில் வந்த அழுக்கு

கிருஷ்ணம்மாளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று தெருவில் சொல்வார்கள். நின்றால் பரவாயில்லையே. நிற்கிற கோபம் எப்போதாவது இறங்கிவிடும். இவளுடையது இறங்காது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணெண்ணெய் வரிசையில் ஒருத்தி முந்திக்கொண்டு நின்றாள் என்பதற்காகப் பன்னிரண்டு வருஷம் அவள் வீட்டு வழியாக நடக்காமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனவள். அவள் கோபத்தில் பாதிக்காவது நியாயம் உண்டு. மீதிப் பாதிக்கும் உண்டு என்பது அவள் கட்சி.

ஆரணியில் தறி இருக்கிற தெருவில்தான் அவள் வாழ்க்கைப்பட்ட வீடு. புருஷன் வீரபாகு பட்டு நெய்கிறவர், வாயில்லாத மனிதர். காலையில் தறியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். ஒரு புடவை முடிவதற்குள் கிருஷ்ணம்மாளின் கையும் அதில் பத்துப் பதினைந்து நாள் பட்டிருக்கும். நூல் சுற்றுவது அவள், அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவது அவள், நீளநூல் பாவு ஓட்டும்போது தெருவில் நின்று பிடிப்பது அவள். ஆனால் புடவையைப் பார்த்து யாராவது, "யார் நெசவு?" என்று கேட்டால் வீரபாகு நெசவு என்பார்கள். இருபத்தைந்து வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல இருந்தது ஒரே ஒரு பொருள்தான். அது மீன்தொட்டி.

தொண்ணூற்றைந்தில் வந்தது அது. மார்க்கெட் பக்கம் பல் டாக்டர் ஒருவர் கிளினிக் வைத்திருந்தார். காலையில் போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வருவாள். அவர் கிளினிக்கை வேலூருக்கு மாற்றியபோது, தூக்கிப் போடுவதற்குப் பதில் நீயே எடுத்துக்கொள் என்று மூன்றடிக் கண்ணாடித் தொட்டியையும் மூன்று தங்கமீனையும் கொடுத்துவிட்டுப் போனார். எப்படி வளர்ப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

கிருஷ்ணம்மாள் சுத்தக்காரி. வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவுவாள், குத்துவிளக்கு தேய்ப்பாள், கூடவே தொட்டியையும் தேய்த்தாள். தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுக் கல்லை உப்புப் போட்டு அலசி, கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி வைத்தாள். மூன்றும் செத்தன. வேலூருக்குப் போய் வேறு வாங்கி வந்தாள். அவையும் செத்தன. திரும்பப் போனாள், திரும்ப வாங்கினாள், முன்னைவிட நன்றாகத் தேய்த்தாள், திரும்பச் செத்தன. மூன்றாவது தடவை வாங்கி வந்த வாரம் அவளுக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் பாயோடு கிடந்தாள். வீரபாகு நினைவு வந்தபோது ஒரு சிட்டிகை தீனி போட்டதோடு சரி, வேறு யாரும் தொட்டியைத் தொடவில்லை. அவள் எழுந்து வந்து பார்த்தபோது கண்ணாடியில் பாசி, கல்லெல்லாம் வழவழப்பு, காற்றுக் குழாயில் மாட்டியிருந்த பஞ்சு கன்னங்கரேலென்று இருந்தது. உள்ளே மீன்கள் கொழுத்துப் போய் ஓடிக்கொண்டிருந்தன.

அவளுக்கு வந்ததே கோபம். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் சாவீர்கள், நாறவிட்டால் கொழுப்பீர்களா என்று மீன்களைப் பார்த்தே திட்டினாள். உடம்பு தேறியதும் வேலூர்க் கடைக்காரனிடம் போய்க் கேட்டாள். அவன் சாவகாசமாகச் சொன்னான். மீன் கழிப்பதெல்லாம் தண்ணீரில் விஷமாக மாறும். கல்லிலும் பஞ்சிலும் ஒட்டியிருக்கிற வழவழப்பில் கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியிருக்கிறது, அதுதான் அந்த விஷத்தைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகிறது, அதைக் கழுவினால் மீன் தன் விஷத்திலேயே செத்துப்போகும் என்றான். இதை முதல் மீனை விற்கும்போதே சொன்னால் உன் வாய் வலித்திருக்குமா என்று அவனிடமும் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு தொட்டிக்கு ஒரு சட்டம் வந்தது. செவ்வாய்க்கிழமை கால் தொட்டித் தண்ணீரை மட்டும் எடுப்பாள். பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்து மாட்டுவாள். புதுத்தண்ணீர் கிணற்றுத் தண்ணீர், டிரம்மில் இரண்டு நாள் கிடந்ததாக இருக்கவேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் பிளீச்சிங் பவுடர் இருக்கும். கல்லை யாரும் தொடக்கூடாது. ஆறு மீன்கள் வருஷக்கணக்கில் இருந்தன. அதில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்த ஒன்றுக்குக் கிழவன் என்று பெயர். அவள் நூல் சுற்ற உட்கார்ந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து நிற்கும். தெருவில் தறி இருக்கிற வீடு நாற்பது. மீன்தொட்டி வீடு என்றால் ஒன்றுதான், அது கிருஷ்ணம்மாள் வீடு. வீரபாகு வீடு என்று கேட்டு வந்தவர்களுக்குக்கூடத் தெருமுனையில் மீன்தொட்டி வீடா என்று திருப்பிக் கேட்டார்கள்.

சேவூரில் இருந்த தங்கை காசியம்மாளுக்கும் ஆசை வந்தது. தொண்ணூற்றேழில் அவள் புருஷன் ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்தார். கிருஷ்ணம்மாள் தன் தொட்டியிலிருந்து இரண்டு கைப்பிடி கல்லும் பஞ்சில் ஒரு பாதியும் கொண்டுபோய் அங்கே போட்டாள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி இது என்று சொன்னாள். இதைக் கழுவினாய் என்றால் நான் உன் வீட்டுக்கே வரமாட்டேன் என்றும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகாமல் இருந்ததற்குக் காரணம் வேறாக வந்தது. தொண்ணூற்றொன்பதில் காசியம்மாள் மகள் தேவிப்ரியாவுக்குச் சேத்துப்பட்டு மாப்பிள்ளையோடு கல்யாணம். கூடப் பிறந்த அக்காவுக்குப் பத்திரிகை வைப்பது என்றால் ஒரு முறை இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வரவேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை வைத்து, குங்குமம் கொடுத்து, நீங்கள்தான் முன்னால் நின்று நடத்தித் தரவேண்டும் என்று வாயால் சொல்லவேண்டும். காசியம்மாள் புருஷன் ஒருநாள் தனியாக வண்டியில் வந்தார். கிருஷ்ணம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தறியில் இருந்த வீரபாகுவின் கையில் பத்திரிகையைக் கொடுத்து, நிறைய வீடு பாக்கி இருக்கிறது என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். தாம்பாளம் இல்லை, குங்குமம் இல்லை, தங்கையும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது பத்திரிகை தறிமேல் நூல்கண்டுகளோடு கிடந்தது. மின்சாரக் கட்டண ரசீதைக்கூட நான் இதைவிட மரியாதையாக வைப்பேன் என்றாள் கிருஷ்ணம்மாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. காசியம்மாளும் என்ன ஏது என்று கேட்டு வரவில்லை. நாலு வருஷம் ஓடிப்போயிற்று.

இரண்டாயிரத்து மூன்று ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், தேசூரில் சித்தி ஒருத்தி சீரியஸ் என்று தகவல் வந்து கிருஷ்ணம்மாள் கிளம்பிப் போனாள். ஆயுத பூஜை என்றால் நெசவு வீட்டில் பெரிய நாள். தறியைக் கழற்றித் துடைத்து, நூலை ஓட்டுகிற நாடா, அச்சு, ராட்டை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பெண்டாட்டி இல்லாத வீட்டில் அத்தனையையும் வீரபாகு ஒருத்தராகவே செய்தார். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது பச்சையும் கருப்புமாக மீன்தொட்டி கண்ணில் பட்டது. பாவம், ஊருக்குப் போனவள் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். மனிதர் எட்டு வருஷமாக அந்தத் தொட்டிக்கு இரண்டு முழம் தள்ளித்தான் நெய்துகொண்டிருக்கிறார். ஆனால் தறியில் குனிந்த தலை அந்தப் பக்கம் நிமிர்ந்ததே இல்லை.

கழுவினாரே, அதிலும் ஒரு திறமை. வேகவைக்காத பச்சைப் பட்டில் பசை இருக்கும். அதைச் சோப்பும் சோடாவும் போட்டு அண்டாவில் வேகவைத்துப் பசையை எடுத்தால்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும். வழவழப்பாக எதைக் கண்டாலும் நெசவுக்காரன் புத்திக்கு அதுதான் தோன்றும். பக்கத்துச் சாயப்பட்டறையில் அண்டாவை இரவல் வாங்கி, தொட்டிக் கல் முழுவதையும் சோடாப் போட்டு வேகவைத்து, ஏழு தண்ணீரில் அலசினார். பஞ்சு அழுகிவிட்டது என்று குப்பையில் போட்டுப் புதிது வாங்கி மாட்டினார். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து நிரப்பினார். கடைசியில் கண்ணாடியில் மூன்று பட்டை சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி மாலை கிருஷ்ணம்மாள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அவள் தொட்டியைப் பார்த்தாள். ஆறு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விரலை விட்டு முகர்ந்தாள். பிளீச்சிங் வாடை.

"கல்ல இன்னா பண்ணீங்க?" என்றாள்.

"வேக வெச்சேன்" என்றார் அவர். அப்போதும் சிரிப்பு போகவில்லை.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டிரம்மில் கிடந்த கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் கால் தொட்டி மாற்றினாள். காற்றுக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். தீனி டப்பாவை எடுத்து அலமாரிக்குள் பூட்டினாள். பிறகு பூசியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள், துடைத்த வேகத்தில் கண்ணாடி உடையாமல் இருந்தது ஆச்சரியம்.

காலையில் இரண்டு மீன் செத்து மிதந்தன. தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. திரும்பவும் கால் தொட்டி மாற்றினாள். அடுத்த நாள் இன்னொன்று போயிற்று. மிச்சம் மூன்று, அதில் கிழவன் ஒன்று. அவன் செதில் ஓரமெல்லாம் சிவந்து, மூலையில் சாய்ந்து நின்றான். அவள் நூல் சுற்ற உட்கார்ந்தபோது இந்தப் பக்கம் வரவில்லை. தினம் தண்ணீர் மாற்றினால் விஷம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதைத் தின்கிற கிருமி புதுப் பஞ்சில் குடியேற ஒரு மாதம் ஆகும். கிழவனுக்கு ஒரு வாரம்கூட இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. குப்பையில் தேடினாள். பஞ்சு கிடைத்தது, வெயிலில் கருவாடாகக் காய்ந்து.

வேண்டியது ஒரு பழைய தொட்டியின் அழுக்கு. வேலூர்க் கடைக்காரன் தொட்டியில் வாரம் ஒரு சீக்கு மீன் இருக்கும், அவன் அழுக்கை நம்பமுடியாது. நம்பக்கூடிய அழுக்கு ஒரே இடத்தில்தான் இருந்தது. அது தங்கை வீடு. புருஷனைத் திட்டினாள், அண்டா கொடுத்த பட்டறைக்காரனைத் திட்டினாள், ஆயுத பூஜையைத் திட்டினாள், நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மூடி போட்ட பிளாஸ்டிக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு சேவூர் டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

காசியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முறம் நின்றது. எழுந்திருக்கவில்லை, வா என்று சொல்லவில்லை.

"இன்னா வேணும்?"

"அழுக்கு வேணும்" என்றாள் கிருஷ்ணம்மாள்.

மீன்தொட்டியில் நடந்ததை நாலு வரியில் சொல்லி முடித்தாள். கெஞ்சுகிற குரல் அவளுக்கு வராது. சண்டைக்கு வந்த மாதிரியேதான் சொன்னாள்.

"நாலு வருசமா இந்த வாசப்படிய மிதிக்கல. இப்போ அழுக்கு கேட்டுகினு வந்து நிக்கற" என்றாள் காசியம்மாள்.

"அது என் அழுக்குதான்டி. நான் குடுத்தது. அதுல பாதி குடு, போயிகினே இருக்கேன்."

காசியம்மாள் முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். கிருஷ்ணம்மாள் பின்னாலேயே போனாள். கூடத்து மூலையில் தொட்டி இருந்தது. மூன்று பக்கக் கண்ணாடியில் பாசி, முன்பக்கம் மட்டும் துடைத்திருந்தது. கல்லில் கை வைத்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பஞ்சு கருப்பாகப் பருத்துத் தொங்கியது. உள்ளே ஐந்து மீனும் செருக்காக ஓடின. இவ்வளவு நல்ல தண்ணீரைக் கிருஷ்ணம்மாள் தன் வீட்டில்கூடப் பார்த்ததில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"கழுவக்கூடாதுன்னு சொன்ன. கழுவல" என்றாள் காசியம்மாள். "நீ வர்லன்னாலும் கழுவல."

பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டினாள். வெட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"பத்திரிக வெச்ச லட்சணம் தப்புதான்க்கா. அன்னிக்கு எனக்கு நூத்தி மூணு ஜுரம், அவரு மட்டும் வந்தாரு. ஜுரம்னு உன்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. சரி, என்மேல கோவம். பொண்ணு இன்னா பண்ணா? தாலி கட்டற வரைக்கும் வாசலயே பாத்துகினு இருந்தா. பெரியம்மா கோவம்னாலும் வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு சொல்லிகினே இருந்தா. நீ வர்ல."

கிருஷ்ணம்மாளிடம் இந்தச் சண்டைக்குப் பதில் தயாராக இருந்தது. நாலு வருஷமாக நூல் சுற்றும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய பதில். தாம்பாளம் எங்கே, குங்குமம் எங்கே என்று ஆரம்பிக்கும். அதில் தங்கை வருவாள், தங்கை புருஷன் வருவார், அவர் வண்டிகூட வரும். தேவிப்ரியா என்ற பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் மடியில் படுத்துத் தூங்கிய பெண், அவள் கையால் தலை பின்னிக்கொள்ள மூன்று மைல் நடந்து வந்த பெண். வாழ்நாளில் அவள் பதில் சொல்லாமல் நின்ற சண்டை அது ஒன்றுதான்.

காசியம்மாள் பஞ்சையும் இரண்டு கைப்பிடி கல்லையும் தொட்டித் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டினாள். குடத்தில் போடவில்லை. பூஜை அலமாரியிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, இரண்டு வாழைப்பழம் வைத்து, நடுவில் அந்தக் கருப்புப் பையை வைத்தாள். குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டினாள்.

"எடுத்துக்கோ. இந்த வாட்டி மொறையா வெச்சிருக்கேன்."

வேறொரு நாளாக இருந்தால் தாம்பாளம் தெருவில் உருண்டிருக்கும். ஆனால் கட்டிய பையில் காற்று இல்லாமல் அந்தக் கிருமி ஒவ்வொரு நிமிஷமும் செத்துக்கொண்டிருக்கும் என்று தெரியும். குங்குமத்தை எடுத்து நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். பையைக் குடத்தில் வைத்துத் தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டில் தங்கை கொடுத்த கல்லை அடியில் பரப்பி, பஞ்சைத் தொட்டிக்குள்ளேயே பிழிந்தாள். தண்ணீர் காவிநிறமாகிக் கலங்கியது. அதைப் பார்த்த வீரபாகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க" என்றாள் அவள். அவர் தொடவில்லை, நின்ற இடத்திலிருந்து அசையக்கூட இல்லை.

பிறகு தினம் காலையில் கால் தொட்டி எடுப்பதும் கால் தொட்டி விடுவதும். ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டாள். தீனி கிடையாது. ஐந்தாம் நாள் சின்ன மீன் ஒன்று செத்தது. புருஷனோடு அவள் பேசவில்லை. அவர் பேசச் சொல்லிக் கேட்கவும் இல்லை. விடிந்ததும் கிணற்றிலிருந்து நாலு குடம் கொண்டுவந்து டிரம்மில் ஊற்றிவிட்டுப்போய் தறியில் உட்கார்ந்தார். இரண்டு இழைக்கு ஒருமுறை தலை நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் இல்லாத அதிசயம்.

ஒன்பதாம் நாள் தண்ணீர் தெளிந்தது. பத்தாம் நாள் கிழவன் மூலையை விட்டுக் கீழே இறங்கிக் கல்லை வாயில் எடுத்துத் துப்பினான். அவள் நாலே நாலு தீனி போட்டாள். தின்றுவிட்டு இந்தப் பக்கக் கண்ணாடிக்கு வந்து நின்றான். கிருஷ்ணம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அழுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே என்று மூக்கையும் சேர்த்துச் சிந்தினாள்.

"போதும். நாளைக்கு தண்ணி வேணாம்" என்று தறியைப் பார்த்துச் சொன்னாள். வீரபாகு தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து நாடா மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது.

தொட்டி சரியாயிற்று. தாம்பாளம் சரியாகவில்லை. தொட்டி மூடிமேல் வைத்திருந்தாள். போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டு உயிரை வாங்கியது, ஒரே பேஜார். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்க முடியாது. வெறுமனே கொடுக்கவும் கூடாது, அது முறையில்லை. எதை வைத்துக் கொடுப்பது? தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தபோது தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். அதை எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நாலு பழம் வைத்தாள். சிமிழ் நிறையக் குங்குமம் எடுத்துக்கொண்டாள். வீரபாகுவைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னாள், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போனால்தான் முறை.

சேவூரில் வாசல்படி ஏறி, காசியம்மாள் புருஷனும் கூடத்துக்கு வரும்வரை காத்திருந்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். "தீபாவளிக்கு ரெண்டு பேரும் வீட்டுக்கு வரணும்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்டிதான்டி கூப்புடணும். பாத்துக்க" என்றும் சேர்த்தாள்.

காசியம்மாள் குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். தாம்பாளத்தை வாங்கவில்லை.

"எங்களுக்கு சரி. அந்தப் பொண்ணுக்கு யாரு வெப்பா?"

கிருஷ்ணம்மாள் குங்குமச் சிமிழை மூடித் தாம்பாளத்தில் வைத்தாள். பிறகு தாம்பாளத்தோடு திரும்பிப் படியிறங்கினாள். வீரபாகு பின்னாலேயே நடந்தார், எங்கே என்று கேட்கவில்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கோபம். யார்மேல் என்று தேடினாள். தங்கைமேல் என்றால் பொருந்தவில்லை, தங்கை புருஷன்மேல் என்றாலும் பொருந்தவில்லை. பொருந்துகிற ஆள் மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். போனால் அந்தப் பெண் கதவைச் சாத்திவிடலாம். சாத்தட்டும். சாத்த அவளுக்கு உரிமை இருக்கிறது, திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியது யாருடைய முறை என்றும் தெரிந்திருந்தது.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். "சேத்துப்பட்டு ரெண்டு" என்றாள் கிருஷ்ணம்மாள். வெற்றிலை காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.